அடிவயிறு

அறுபத்தாறாம் வருஷம், மாசி மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம். நூருல் அமீன் அந்த வண்டியை என் ஷெட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

கடலூர் முதுநகரில், உப்பனாற்றுப் பக்கம் என் ஷெட். உத்திராபதி ஷெட் என்றால் லாரிக்காரர்களுக்குத் தெரியும். அதுவரை என் கை பட்டதெல்லாம் மீன் லாரியும் நெல் லாரியும்தான். இது இரண்டே பேர் உட்காரும் இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம். மேல்கூரை இல்லை. பக்கத்தில் நின்றால் என் இடுப்பு உயரம்கூட வரவில்லை. நெய்வேலியில் வேலை முடிந்து சொந்த நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடம் வாங்கியதாகச் சொன்னார்.

"அடியில தட்டுது மேஸ்திரி. சிதம்பரத்துக்குப் போவ வர நாலு தடவ. நாலு தடவயும் ஒரே எடம். புதுச்சத்திரம் தாண்டி ஒரு சின்ன மதகு இருக்குல்ல, அங்க."

"நம்மூரு ரோட்டுக்குத் தரையிலேருந்து ஒரு சாணாவது ஒசரம் வேணும் தம்பி. இதுக்கு நாலு வெரக்கடதான் இருக்கு. தட்டாம என்ன செய்யும்?"

"நாளைக்கி மெகருன்னிசாவ இதுலதான் கூட்டியாரணும். நீங்க கூட வந்து அந்த எடத்தப் பாருங்க."

நூருல் அமீனுக்குச் சிதம்பரத்தில் ஜவுளிக்கடை. மெகருன்னிசா அவர் மனைவி. எட்டு மாதம் முடியப்போகிறது. பிரசவத்துக்குக் கடலூரில் உள்ள தாய்வீட்டுக்கு வர வேண்டும். பஸ்ஸில் வரலாம், வாடகைக் காரில் வரலாம். மனிதருக்கு இந்த வண்டி மேல் அப்படி ஒரு மோகம்.

ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதைவிடப் படுத்தேன் என்று சொல்லலாம். காலை நீட்டினால் முதுகு தரையோடு போய்விடுகிறது. வண்டி முதுநகரை விட்டு நகர்ந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. ரோடு எவ்வளவு அசிங்கமானது என்று நாற்பத்திரண்டு வயதுவரை எனக்குத் தெரியாது. லாரியில் அவ்வளவு உயரத்தில் போகிறவனுக்கு அது தெரிய நியாயமில்லை. இதில் கண்ணும் மூக்கும் ஒரு நாயின் உயரத்தில் இருந்தன. வெற்றிலை எச்சில் காய்ந்த கறை, நசுங்கிய பெருச்சாளி, காலையில் ஓரமாக உட்கார்ந்து எழுந்து போனவர்கள் விட்டுப்போனது, எல்லாம் முகத்துக்கு நேராக வந்து வந்து போயின. ஆலப்பாக்கத்தில் முன்னால் போன வண்டிமாடு சாணி போட்டது. சக்கரம் அதை வாரி என் கன்னத்தில் அடித்தது. துடைத்துக்கொண்டேன். கையிலும் நாறியது.

கார்த்திகை மழை அரித்த பள்ளங்கள் அப்படியே கிடந்தன. அதன் மேல் நெற்கதிரைப் பரப்பி வைத்திருந்தார்கள். வைக்கோல் அடியில் சுற்றிக்கொண்டது. இரண்டு இடத்தில் இறங்கி அறுத்து எடுத்தேன்.

புதுச்சத்திரம் தாண்டினோம். பிற்பகல் மூன்று மணி வெயில்.

"இதோ வருது," என்றார் நூருல் அமீன்.

சின்ன மதகுதான். ஓர் ஓரம் இடிந்து, அதன் மேல் ஒரு நீளக் கருங்கல்லைப் போட்டு மூடியிருந்தார்கள். கல்லின் நடு மட்டும் லேசாக மேடு. நடந்து போகிறவன் கால்கூட இடறாது.

தட்.

இரும்பு கல்லில் தேயும் சத்தம் எனக்கு அத்துப்படி. அது முதலில் வந்தது. அதற்கடுத்து, என் தொடைக்கு நேர் கீழே, தகட்டுக்கு அந்தப் பக்கம், இன்னொன்று வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பெண் முனகினாள்.

நூருல் அமீனைப் பார்த்தேன். "கேட்டீங்களா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். "நாலு தடவயும் இப்டித்தான்."

பத்தடி தள்ளி வண்டி நின்றது. கருகிய எண்ணெய் வாடை வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு வாடை. எங்கள் வீட்டில் மாடு கன்று போட்டால் கொட்டகையில் இரண்டு நாள் நிற்குமே, ரத்தமும் பனிக்குடத்து நீரும் பாலும் சேர்ந்த அந்தக் கவிச்சி. அதேதான்.

ஜாக்கி வைத்துக் கொஞ்சம் தூக்கி, சாக்கை விரித்து, மல்லாந்து உள்ளே நுழைந்தேன். முகத்துக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கை நுழையாது. திரும்ப முடியாது. எழ முடியாது. இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியைச் சம்ப் என்போம். அதில் சுண்டுவிரல் நீளத்துக்குக் கிழிசல். அதிலிருந்து வெள்ளையாகக் கசிந்தது.

எண்ணெயில் தண்ணீர் கலந்தால் மோர் மாதிரி வெளுத்துப்போகும். எத்தனையோ இன்ஜினில் பார்த்திருக்கிறேன். அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு சொட்டு என் உதட்டில் விழுந்தது.

இன்ஜின் சூடு வேறு. இது உடம்புச் சூடு.

துப்புவதற்குள் நாக்கில் பட்டுவிட்டது. கெட்டியாக, இனிப்பும் உப்புமாக. கன்று போட்ட முதல் நாள் கறக்கும் சீம்பாலின் ருசி அது. அடுத்த சொட்டு மூக்குக்குள் போனது.

கிடந்த இடத்திலேயே வாந்தி எடுத்தேன். தலையைச் சாய்க்க இடமில்லை. எடுத்ததெல்லாம் கன்னத்தில் வழிந்து காதுக்குள் இறங்கியது. காலை உதறிக் கத்தினேன். நூருல் அமீன் என் இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்.

வெளியே வந்தபோது, தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண்பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். என் கோலத்தைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை.

"ஒரசிட்டீங்களாண்ணே?" என்றாள். "நேத்தே சொல்லணும்னு நெனச்சேன். வண்டி நிக்கல."

"என்ன கல்லும்மா அது?"

"சொமதாங்கிக் கல்லு. எங்க அக்கா தில்லையம்மாளுக்கு வெச்சது." புல்லுக்கட்டை இறக்கினாள். அவள் பெயர் அமிர்தம். "நெற மாசம் அதுக்கு. வலி கண்டு ரெண்டு நாளாச்சு, புள்ள வரல. கடலூரு ஆஸ்பத்திரிக்குக் கட்டவண்டில ஏத்திக்கிட்டுப் போனோம். இந்த மதகாண்ட அச்சு முறிஞ்சிது. வேற வண்டி வர்ற வரைக்கும் அது தாங்கல. வயித்துல புள்ளயோடயே போயிடுச்சு."

வயிற்றுப் பாரம் இறங்காமல் செத்தவளுக்குச் சுமைதாங்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். போகிறவர் வருகிறவர் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறினால், செத்தவளின் பாரமும் குறையும் என்பார்கள்.

"போன வருசம் ரோடு போட வந்த காண்ட்ராக்ட் ஆளுங்க காலு ரெண்டயும் ஒடச்சி ஜல்லியாக்கிட்டாங்க. மேக்கல்லத் தூக்கி மதகு மேல போட்டுட்டாங்க. பஸ்ஸு, லாரியெல்லாம் ஒசரம்ண்ணே. சக்கரம் மட்டுந்தான் ஏறும். ஒங்க வண்டி அப்டி இல்ல. அது வயிறு எங்க அக்கா வயித்துல ஒரசுது."

நூருல் அமீன் காறித் துப்பினார். "எங்க மார்க்கத்துல இதெல்லாம் கெடையாதும்மா." பிறகு என் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, நீங்க சொல்லுங்க. ஒழுகுறது ஆயிலா, இல்லயா?"

இருபது வருஷம் இந்தத் தொழில் செய்தவன் நான். பால் என்று எப்படிச் சொல்வேன்?

"ஆயில்தான் தம்பி. தண்ணி கலந்துருக்கு."

பார் சோப்பைப் பிசைந்து கிழிசலை அடைத்தேன். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் விட்டு அடைத்தேன். புது எண்ணெய் ஊற்றினேன். ஷெட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லி அங்கேயே நின்றுகொண்டேன். அவர் சிதம்பரம் போனார். நான் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து வேப்பங்குச்சியால் நாக்கை ரத்தம் வர வழித்தேன். ருசி போகவில்லை. என் சம்சாரம் தயிர்சாதம் பிசைந்து வைத்தாள். வெள்ளையாக எதைப் பார்த்தாலும் குமட்டியது. ஆனால் குமட்டலைவிட மோசமாக இன்னொன்று இருந்தது. மறுநாள் மெகருன்னிசா உட்காரப் போவது நான் உட்கார்ந்த அதே சீட்டில். 'ஆயில்தான்' என்று சொன்னது என் வாய்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் கடப்பாறையோடு போய் இறங்கினேன். ஷெட்டு ஆட்கள் இரண்டு பேரையும் கூட்டிப் போனேன். அமிர்தமும் அவள் புருஷன் சபாபதியும் வந்தார்கள்.

நெம்பினோம். கல் புரண்டது.

சபாபதி மூக்கைப் பொத்திக்கொண்டு வயலுக்குள் ஓடினான்.

மழை ஓய்ந்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. மதகில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் கல்லின் அடிப்பக்கம், சரியாக நடுவில், ஈரம். வெள்ளையாக ஏடு கட்டியிருந்தது. ஏட்டில் எறும்பு ஒட்டிச் செத்திருந்தது. அரிசி அரிசியாகப் புழு நெளிந்தது. அமிர்தம் மட்டும் கலங்கவில்லை. முந்தானையால் அதைத் துடைத்தாள், குழந்தை வாயைத் துடைப்பது போல.

பள்ளத்தைக் கல்லும் மண்ணும் போட்டு நிரவினோம். இரண்டு பனந்துண்டுகளை ரோட்டோரம் நட்டுக் கல்லை அதன் மேல் தூக்கி வைத்தோம். அமிர்தம் தன் புல்லுக்கட்டை முதல் சுமையாக இறக்கி வைத்து அழுதாள். முடிந்தது என்று நினைத்தேன்.

ஒன்பது மணிக்குச் சிதம்பரம் பக்கமிருந்து வண்டி வந்தது.

நான் குறுக்கே போய்க் கையைக் காட்டினேன். மெகருன்னிசா மூக்கின் மேல் முக்காட்டை அழுத்திப் பிடித்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இந்த எடத்த மட்டும் எறங்கி நடந்து தாண்டிடும்மா," என்றேன்.

அவள் உடனே கையை நீட்டினாள். அவ்வளவு பள்ளத்திலிருந்து அந்த வயிற்றோடு தானாக எழ முடியாது. அமிர்தம் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிவிட்டாள். மெகருன்னிசா மதகை மெதுவாக நடந்து தாண்டினாள். பின்னால் நூருல் அமீன் வண்டியை மெல்ல ஊரவிட்டு ஓட்டிவந்தார். எதுவும் தட்டவில்லை. முனகல் இல்லை. எல்லோரும் மூச்சு விட்டோம்.

"பாத்தியா, ஒண்ணுமில்ல. ஏறு," என்றார்.

அப்போது இடப்பக்கச் சீட்டு அமுங்கியது.

முதலில் ஒரு கை ஊன்றியது போல ஓரத்தில் ஒரு குழி. பிறகு மெல்ல, முழுப் பாரமும். ஸ்பிரிங் கிறீச்சிட்டு இறங்கியது. வண்டியின் இடப்பக்கம் தரையை முத்தமிட்டது. சீட்டுத் தோலின் தையல்களில் வெள்ளையாக ஊறி வெளியே வந்தது.

நூருல் அமீன் நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பவில்லை.

"ஏறு புள்ள."

மெகருன்னிசா இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

"அங்க எடமில்ல," என்றாள்.

கடலூர் பஸ் வந்தது. கை காட்டி நிறுத்தினேன். அவளை ஏற்றி, நானும் ஷெட்டு ஆட்களும் ஏறினோம். நூருல் அமீன் முன்னால் கிளம்பிவிட்டார். ஆனால் அந்த வண்டியால் வேகம் எடுக்க முடியவில்லை. பாரம் ஏற்றிய மாட்டுவண்டி போல இடப்பக்கம் தேய்ந்து தேய்ந்து போயிற்று. ஆலப்பாக்கத்துக்கு முன்னாலேயே பஸ் அதைத் தாண்டியது. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

சீட்டில் யாரும் இல்லை. ஈக்கள் இருந்தன. பறக்கவில்லை. சீட்டுக்கு ஒரு முழம் மேலே, வெறும் காற்றில், அப்பி உட்கார்ந்திருந்தன. உருண்டையாக, ஒரு நிறைவயிற்றின் மேல் உட்கார்ந்திருப்பதைப் போல.

மெகருன்னிசாவை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு ஷெட்டுக்கு வந்தேன். பகல் பன்னிரண்டுக்கு நூருல் அமீன் வந்தார். சட்டையின் இடக்கை முழுவதும் வெள்ளையாகக் காய்ந்து விறைத்திருந்தது. சாவியை என் மேஜையில் வைத்தார்.

"வித்துடுங்க மேஸ்திரி. என்னா வெலைக்கும்."

"கூட ஒக்காந்து வந்தது...?"

"ஆஸ்பத்திரி வாசல்லயே கொண்டுபோயி நிறுத்தினேன்," என்றார் கிசுகிசுப்பாக. "அர மணி நேரம் நின்னேன். எறங்கல."

மூன்று வாரம் கழித்து மெகருன்னிசாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். நூருல் அமீன் அதற்குப் பிறகு என் ஷெட்டு இருக்கும் தெருவுக்கே வரவில்லை.

வண்டியை வாங்க ஆள் வரவில்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் கதவைத் திறந்து, மூக்கைப் பொத்தி, மூடிவிட்டுப் போனார்கள். சீட்டைக் கழற்றி உப்பனாற்றில் போட்டேன். சம்ப்பைக் கழற்றி மண்ணெண்ணெயில் மூன்று தடவை கழுவினேன். வெயிலில் ஒரு வாரம் காயவைத்து, கிழிசலைப் பற்றவைத்து, சொட்டு எண்ணெய் இல்லாமல் திரும்ப மாட்டினேன். வண்டியை ஷெட்டின் பின்பக்கம் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினேன்.

வைகாசியில் ஒரு தெருநாய் அதனடியில் போய்க் குட்டி போட்டது. ஆறு குட்டிகள். போட்டுவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

பத்தாம் நாள் காலையில் தார்ப்பாய் ஓரத்தைத் தூக்கிக் குனிந்து பார்த்தேன்.

தாய் நாய் நாலடி தள்ளிச் சுவரோரம் நின்றது. பால் கட்டி முலைகளெல்லாம் கல்லாக வீங்கியிருந்தன. வண்டி பக்கம் போகப் பயந்து, வாலைக் கவட்டுக்குள் விட்டுக்கொண்டு, நடுங்கியபடி நின்றது.

குட்டிகள் ஆறும் கொழுகொழுவென்று இருந்தன. இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. காய்ந்த சம்ப்புக்கு அடியில் வரிசையாகக் கிடந்து, தலையை அண்ணாந்து, முன்னங்காலால் அந்த இரும்பைப் பிசைந்து பிசைந்து, சப்பிக்கொண்டிருந்தன.

ஒவ்வொன்றின் கடைவாயிலும் வெள்ளையாக வழிந்தது.