மேலுதடு

மாதக்கணக்கில் செத்துக் கிடந்த மேலுதடு அன்றைக்குக் காலையில்தான் அசைந்தது. அதை அசைத்தது கேத்தரின் இல்லை.

அடுக்களை மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே செண்பகனூர்ச் சரிவு முழுக்க மஞ்சு மூட்டம் இறங்கிக் கிடந்தது. யூகலிப்டஸ் இலைகளில் சேர்ந்த ஈரம் தகரக் கூரைமேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஈர விறகும் காப்பியும் கலந்த வாசனை. அக்கா கித்தேரியம்மாள் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி, "வெரசா குடி கேத்தி, ஆறிப்போயிரும்" என்று சிரித்தாள். அந்த நொடியில் கேத்தரினின் மேலுதடு ஒரு பக்கமாக இழுபட்டது, பல் தெரிந்தது, திரும்ப விழுந்தது.

"மாதாவே! அசையுதுடி!" அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கேத்தரினுக்கும் அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. உதடு இழுபட்டபோது நெஞ்சுக்குள் ஏதோ வந்து போயிருந்தது. சோற்றில் புழுவைக் கண்டால் வருமே, அந்த அருவருப்பு. எதிரே இருந்தது அக்கா மட்டும்தான்.

கேத்தரின் யூகேஜி டீச்சர். மழைக்காலத்தில் ஒருநாள் காலை எழுந்தபோது முகத்தின் இடது பாதி தொங்கியிருந்தது. வாரம் முடிவதற்குள் வலது பாதியும் போய்விட்டது. முகவாதம் என்றார் டாக்டர், ரெண்டு பக்கமும் வருவது அபூர்வம், மெல்ல மெல்லத் திரும்பும் என்றார். அவர் சொல்லாத ஒன்று இருந்தது. அவள் முகம் செத்ததும் மற்றவர்கள் முகமும் அவளுக்கு அணைந்துபோனது. வகுப்பில் ஒரு பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்கும். அது சிரிக்கப் போகிறதா அழப் போகிறதா என்று தெரியாது. கண், மூக்கு, வாய். அவ்வளவுதான். வயிற்றுவலியில் துடித்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டே பாட்டுச் சொல்லிக் கொடுத்த அன்றைக்கு அவளாகவே லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அக்காவின் குரல்தான் பிடிமானம். அம்மா போனபின் கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளாமல் தன்னை வளர்த்தவள். கஞ்சி ஊட்டினாள், வழிந்ததைத் துடைத்தாள், காலையும் மாலையும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். "ஆஸ்பத்திரிக்கு இனிமே வர வேணாமாம், வீட்டுலயே செஞ்சாப் போதுமாம்" என்று சொன்னதும் அவள்தான்.

முகம் துண்டு துண்டாகத் திரும்பியது. பால் கொண்டுவரும் ஜோதிமணி வாசலில் ஏதோ சொல்லிச் சிரித்தால் கேத்தரினின் கன்னம் லேசாகத் தூக்கும், உள்ளே வெயில் படும். ரோட்டில் ஒரு குழந்தை விழுந்து அழுதால் இவள் புருவம் நெளியும், உள்ளே சுருக்கென்று வலிக்கும். எல்லாம் சரியாகத்தான் வந்தது. அக்கா முன்னால் மட்டும் அந்த மேலுதடு. நாளாக ஆக மூக்குத் துவாரம் விரிந்தது, தாடை இறுகியது. கூடவே உள்ளே ஒரு பொறுமை வந்தது. எதற்கோ காத்திருக்கும் பொறுமை.

அக்காவின் முகத்தை உற்றுப் பார்ப்பாள். கனிவாகச் சிரித்துக்கொண்டிருக்கும். தனக்குத்தான் இப்படி ஒரு பாவம் பிடித்த மனசா என்று ஜெபமாலையை உருட்டுவாள்.

ஒரு சாயங்காலம் அக்கா கோயிலுக்குப் போயிருந்தபோது கதவு தட்டப்பட்டது. ஆஸ்பத்திரியில் முகப் பயிற்சி கொடுத்த ஷர்மிளா. உள்ளே வராமல் திகைத்து நின்றாள்.

"டீச்சர்! நீங்க இங்கயா இருக்கீங்க?"

"வேற எங்க இருப்பேன்?"

"மதுரையில சொந்தக்காரங்க வீட்டுல விட்டாச்சு, இனிமே வர மாட்டீங்கன்னு அக்கா சொன்னாங்களே. ஸ்கூல்லயும் அப்படித்தான் பேசிக்கிறாங்க. போற வழியில லைட் எரியுதேன்னு எட்டிப் பார்த்தேன்."

கேத்தரினுக்கு மதுரையில் யாரும் இல்லை.

மேலுதட்டைத் தொட்டுக்கொண்டு கேட்டாள். "ஷர்மிளா, நரம்பு தப்பா ஒட்டிக்கிட்டா முகம் தானா இழுக்குமா?"

"இழுக்கும். ஆனா எல்லார் முன்னாடியும் இழுக்கும் டீச்சர். ஆளப் பார்த்து இழுக்காது."

"ஒரே ஒரு ஆளு முன்னாடி மட்டும் இழுத்தா?"

"அப்ப அது அவங்க முகத்தக் காப்பி அடிக்குது. எல்லாரும் பண்றதுதான். எதிர்ல உள்ளவங்க முகத்துல ஓடுறத நம்ம தசையும் லேசாச் செஞ்சு பார்க்கும். அதுலதான் அவங்க மனசு நமக்குப் பிடிபடுது. மறைச்சாலும் ஒரு இமைப்பொழுது வெளிய வந்துட்டுப் போகும்ல? கண்ணு விட்டுரும். தசை விடாது."

"நல்லா இருந்தப்ப இது தெரியலயே."

"பொறந்ததுலருந்து கேக்குற சத்தம் காதுல விழாதுல்ல. நின்னுட்டுத் திரும்ப வந்தாத்தான் விழும்." ஷர்மிளா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பஸ் வந்துரும். நாளைக்கு வெள்ளனே வந்து நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், சரியா?"

அவளை மஞ்சு விழுங்கியது. பஸ் கியர் மாற்றி மேட்டில் ஏறும் சத்தம் கேட்டது, தேய்ந்தது, நின்றது.

பொறந்ததிலிருந்து. அப்படியானால் தொட்டிலில் கிடந்தபோதும் அக்கா முகத்தில் அந்த அருவருப்பு இருந்திருக்கிறது. தலை பின்னிவிட்டபோதும். அதைத்தான் பாசம் என்று பழகியிருக்கிறாள்.

வீட்டைவிட்டுப் போய்விட, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்தாள். வாசலில் அக்கா நின்றாள். முடியில் பனித்துளிகள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"ஷர்மிளா வந்துட்டுப் போறா போல?"

"ஏன்க்கா என்னய மதுரைக்கு அனுப்பிட்டதாச் சொன்ன?"

"ஆளாளுக்கு வந்து உன் மூஞ்சியப் பார்த்துப் பரிதாபப்படுறாங்கள்ல, அது உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான். வேற எதுக்குச் சொல்லப் போறேன்?" அக்கா அவள் தோளைத் தொட்டுத் திருப்பினாள். "உள்ள வா. குளிரு. ஒத்தடம் குடுக்கணும்."

அந்தக் குரலில் குறையே இல்லை. கேத்தரின் நம்ப விரும்பினாள். இத்தனை வருஷமும் நம்பியவளைத் திடீரென்று எப்படி நம்பாமல் இருப்பது? நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்கா கதவைத் தாழிட்டு, சட்டியில் வெந்நீர் கொண்டுவந்து, எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். துண்டை முக்கினாள். ஆவி எழுந்தது. சிரித்தாள்.

உதடு அசையவில்லை.

கேத்தரின் காத்திருந்தாள். மூக்கு விரியவில்லை. தாடை இறுகவில்லை. முகம் முழுக்க அமைதி. உள்ளே இருந்த பொறுமையையும் காணோம். அந்தக் காத்திருப்பு முடிந்துவிட்டிருந்தது.

கூரையில் சொட்டு. ஒன்று. இன்னொன்று.

மடியில் ஏதோ நகர்ந்தது. குனிந்து பார்த்தாள். தன் கைகள். உதட்டைப் போலவே, அவள் அசைக்கவில்லை. விரல்கள் மெல்ல வளைந்தன. இரண்டு கட்டைவிரலும் ஒன்றை ஒன்று தேடிப் போய்ச் சேர்ந்தன. நடுவில் ஒரு கழுத்தளவுக்கு வெறும் காற்று.

காற்று இல்லை. உள்ளங்கைக்குள் சூடு. மெத்தென்ற தோல். அதற்கடியில் படபடவென்று ஒரு துடிப்பு.

நிமிர்ந்தாள். அக்கா இன்னும் துண்டைத்தான் பிழிந்துகொண்டிருந்தாள். நிதானமாக. கனிவாக.

"கழுத்தக் கொஞ்சம் நிமித்துடி, தங்கம்."

மடியில் விரல்கள் இறுகத் தொடங்கின.