பதில் சொன்ன சுவர்

எழுத்தாளர் அலைவாணன் குடியிருந்த தெருவில் இப்போது யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. மீன்காரம்மா கூவாமல் கூடையைச் சாய்த்துக் காட்டிக்கொண்டே போனாள். ஆட்டோக்கள் தெருமுனையிலேயே நின்றுவிட்டன.

"அந்தக் காலத்துச் சத்தமெல்லாம் சுண்ணாம்புப் பூச்சுல படிஞ்சு கெடக்குதும்மா," என்று கிசுகிசுத்தான் வழிகாட்டி இக்னேஷியஸ். ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். "இந்தச் சுவர்ச்செவிக் கருவிய வெச்சா, பூச்சு அதிர்ந்து அத்தத் திருப்பிச் சொல்லும். அப்போ நீங்க எதுனா பேசிட்டா, பழசு அழிஞ்சு உங்க கொரலு பதிஞ்சிரும். மூச்சு காட்டாதீங்க."

புனிதவல்லி தலையாட்டினாள். நெய்வேலியில் நர்ஸாக இருப்பவள். அலைவாணன் சாகும்வரை ஒரு பிரதிகூட விற்காத அந்த நாவல், இன்று உலகமே கொண்டாடும் அந்த நாவல், அவளுக்கு மனப்பாடம். அவர் குரலை மட்டும் இன்றைய வாசகர் யாரும் கேட்டதில்லை. எங்கும் பதிவாகவில்லை.

நடக்க நடக்க, அவள் சுவர்ச்செவியை வைத்த ஒவ்வொரு சுவரும் வாய் திறந்தது. குழாயடிச் சண்டை, ரிக்‌ஷா மணி, யாரோ ஒரு பெண்ணின் தாலாட்டு. நாவலில் அவள் எழுத்தாகப் படித்ததெல்லாம் இங்கே உயிரோடு இருந்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"இது அவரு ரூமு. இன்னிக்குத்தான் தொறக்குறோம். நீங்கதான் மொதல்ல."

கிண்ணம் போன்ற அந்தக் கருவியைச் சுவரில் பதித்துக் காதை வைத்தாள். முதலில் கடலின் இரைச்சல். நாற்காலி நகர்ந்தது. பிறகு கரகரத்த ஆண்குரல் ஒன்று நாவலின் முதல் வரியை நிறுத்தி நிறுத்திப் படித்தது. அவர்தான்! புனிதவல்லியின் கண்கள் நிறைந்தன.

படித்து முடித்த குரல் தயங்கியது. "இதை ஒருத்தராவது படிப்பாங்களா?"

அந்த அறையில் அவருக்குப் பதில் சொல்ல யாருமில்லை.

"நான் படிச்சேனே!" என்றாள் புனிதவல்லி.

சொன்ன பிறகுதான் சுரணை வந்தது. இக்னேஷியஸ் பாய்ந்து கருவியைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக் கேட்டான். முகம் வெளுத்துவிட்டது.

"போச்சும்மா. அவரு இல்ல. நீங்கதான் இருக்கீங்க."

அவள் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். உலகத்தில் ஒரே ஒருத்தி கேட்ட குரல். இனி அவள் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

அதற்குள் கதவுக்கு வெளியே வரிசையில் அடுத்து நின்ற கல்லூரிப் பெண் உள்ளே வந்து கருவியை வாங்கிச் சுவரில் வைத்தாள். கேட்டாள். எடுத்துவிட்டு இக்னேஷியஸ் பக்கம் திரும்பினாள்.

"'நான் படிச்சேனே'ன்னு ஒரு அம்மா சொல்றாங்கண்ணா! எவ்ளோ ஆசையா சொல்றாங்க! பாவம், யாருமே படிக்காம செத்துட்டாருன்னு நெனச்சிருந்தேன். அவர் இருந்தப்பவே ஒருத்தங்க படிச்சிருக்காங்க!"

இக்னேஷியஸ் புனிதவல்லியைப் பார்த்தான். உண்மையைச் சொல்லிவிட அவள் எழுந்தாள். வாய் திறக்கும் முன் அந்தப் பெண் கண்களை மூடி, கருவியை மறுபடி சுவரில் பதித்துவிட்டாள்.

இக்னேஷியஸ் அவசரமாக உதட்டின்மேல் விரலை வைத்தான்.