டி.பி. என்றால் தர்மபுரி!

ஐந்தரைக்கு எழுந்தான் பிரகாஷ்.

பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். பாத்திரத்தைத் தட்டால் மூடினான். தட்டின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தான்.

எட்டு மாதமாக இதே வரிசைதான்.

ஆறே காலுக்கு செல்போன் அடித்தது.

மாதவராஜ்!

பாப்பிரெட்டிப்பட்டியில் கல் கிரஷர் வைத்திருப்பவன். எட்டு மாதம் முன்பு கம்பைநல்லூர் ரோட்டில் பிரகாஷின் மனைவி பிளசியை ஸ்கூட்டியோடு சாய்த்த டிப்பர் லாரி அவனுடையது. ஓட்டியது டிரைவர் காளியப்பன் என்று கேஸ். காளியப்பன் அந்த நேரம் சித்தேரியில் மாமியார் வீட்டில் கறிச்சோறு தின்றுகொண்டிருந்தான் என்று ஊர்.

நாளை அரூர் கோர்ட்டில் பிரகாஷ் சாட்சி. சாகும்போது பிளசி கடைசியாக என்ன சொன்னாள்? அதைக் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும்.

"வாத்தியாரே... மிலிட்டரி ரைபிள் ஒண்ணு வாங்கியிருக்கறேன். வெள்ளைக்காரன் காலத்துது. கலெக்‌ஷனுக்கு. நீங்க ஹிஸ்டரி படிச்சவரு... அதுக்கு ஒரு போர்டு எழுதித் தரோணும். வூட்டுக்கு வாங்க."

வருவதாகச் சொன்னான் பிரகாஷ்.

கிளம்பும் முன் இன்னொரு போன் பேசினான்.

மாதவராஜின் ஹாலே ஒரு மியூசியம். திப்பு காலத்துப் பீரங்கிக் குண்டு என்று ஒன்று இருந்தது. அவன் கிரஷரிலேயே உடைந்து விழுந்த இரும்பு உருண்டை. ராஜாவின் வாள் என்று ஒன்று. அதன் பிடியில் நாடகக் கம்பெனியின் பெயர் பாதி அழிந்திருந்தது.

நடுவில், சிவப்புத் துணியின் மேல்... ரைபிள்!

ரிட்டயர்டு ஹவில்தார் கஸ்பாரிடம் வாங்கினானாம். தோட்டாவோடு. லைசென்ஸ் இருக்கிறதா என்று பிரகாஷ் விசாரித்தான். பழைய சாமானுக்கு எதுக்கு லைசென்ஸ், வூட்டு உரலுக்கு வாங்குறமா என்று சிரித்தான் மாதவராஜ். பிறகு இரும்பில் குத்தியிருந்த இரண்டு ஆங்கில எழுத்துகளை விரலால் தடவினான்.

"டி.பி. பாத்தீங்களா? தர்மபுரி! நம்ம ஜில்லாவுக்குன்னே லண்டன்ல செஞ்சு அனுப்பியிருக்கான். போர்டுல அதை மொதல்ல எழுதுங்க."

அந்த ரைபிள் பிறந்தபோது தர்மபுரி சேலம் ஜில்லாவுக்குள் இருந்தது. பிரகாஷ் அதைச் சொல்லவில்லை.

"எழுதிடறேங்ணா."

மாதவராஜ் கதவைத் தாழ்ப்பாள் போட்டான். ரைபிளை எடுத்தான். தோட்டாக்களைப் போட்டு போல்ட்டை இழுத்துத் தள்ளினான்.

குழல் பிரகாஷின் நெஞ்சைப் பார்த்தது.

"உங்க சம்சாரம் கடைசியா என்ன சொன்னா?"

"நாளைக்குக் கோர்ட்ல சொல்றேங்ணா."

"நாளைக்கு நீ இருந்தாத்தானே... பழைய துப்பாக்கி. தொடைக்கும்போது வெடிச்சிருச்சு. பாவம், போர்டு எழுத வந்த வாத்தியாரு. பேப்பர்ல நாலு வரி."

"அப்ப என்ன சொன்னாள்னு தெரிஞ்சு என்ன ஆகப் போவுது?"

"வண்டிய நாந்தான் ஓட்டுனேன்னு சொன்னாளா? கண்ணாடி வழியா என்னையப் பாத்தா. பாத்துக்கிட்டேதான் வுழுந்தா. சொல்லியிருப்பா."



மாதவராஜ் விசையை இழுத்தான்.

க்ளிக்.

மறுபடி போல்ட். மறுபடி விசை.

க்ளிக்.

"சுடாதுங்ணா," என்றான் பிரகாஷ். "டி.பி.ன்னா தர்மபுரி இல்ல. ட்ரில் பர்ப்பஸ். காலேஜ் புள்ளைங்க என்.சி.சி.யில தோள்ல வெச்சு நடக்கறதுக்கு. உள்ள ஊசியை மழுக்கிடுவாங்க. பிளசி மூணு வருஷம் இதைத்தான் தூக்கிட்டு நடந்தா. சொல்லிக் குடுத்தது கஸ்பார் சார்."

மாதவராஜின் வாய் திறந்தபடி நின்றது. கலெக்‌ஷனில் வைக்கலாம் போல.

கதவு இடிபட்டது. தாழ்ப்பாள் பறந்தது. இன்ஸ்பெக்டர் அமுதவல்லி, பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். பிரகாஷின் சட்டைப் பையில் இருந்த செல்போன் காலையிலிருந்து அவள் லைனில்தான் இருந்தது. மாதவராஜ் ரைபிள் தேடுகிறான் என்று கஸ்பார் போன மாதமே வந்து சொல்ல, இதையே கொடுங்கள் என்று அனுப்பியதும் அவள்தான்.

"லாரி ஏத்திக் கொன்னது, கொலை முயற்சி, லைசென்ஸ் இல்லாத ஆயுதம்," என்றாள். "மூணு. நல்ல கலெக்‌ஷன்."

மாதவராஜை ஜீப்பில் ஏற்றினார்கள். கூட்டத்துக்கு நடுவில் காளியப்பன் நின்றிருந்தான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக முதலாளியைப் பார்த்து வணக்கம் வைக்கவில்லை.

அமுதவல்லி தொப்பியைக் கழற்றினாள்.

"வாக்குமூலம் கெடைச்சாச்சு. இனி நாளைக்கு நீங்க சொல்றது சும்மா ஒரு வரிதான். இருந்தாலும் கேக்கறேன்... அவங்க நெசமாவே அவன் பேரைச் சொன்னாங்களா?"

"இல்லீங்க மேடம்."

"யாரு பேரையும்?"

"இல்ல. சேதி கேட்டு ஓடுனேன். ரோட்ல என் மடியில தலை. கண்ணு தொறந்து என்னையப் பாத்தா. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா."

"என்ன?"

பிரகாஷ் சொன்னான். பிளசி சொன்னபடியே.

"ஏங்க, பாலை மூடுனீங்களா? பூனை குடிச்சிருந்தா உங்களுக்கு இன்னிக்குக் காப்பி கெடையாது."