விரிசல் விழாத உத்திரம்

"விரிசலைக் காட்டுங்க மேடம். இப்பவே எல்லாரும் காலி பண்றோம்" என்றார் குடியிருப்புச் சங்கத் தலைவர் ஜெபராஜ்.

பொறியாளர் பூரணியால் காட்ட முடியவில்லை. கார் நிறுத்துமிடத்தைத் தாங்கிய பெரிய உத்திரம் மழமழவென்று இருந்தது. நகரின் புதுக் கட்டடங்களைப் போல இதுவும் ஆறுகல், தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் கான்கிரீட். மயிரிழை விரிசல் விட்டாலும் அதனுள் உறங்கும் நுண்ணுயிர்கள் காற்றின் ஈரம் பட்டதும் விழித்து, சுண்ணாம்பைக் கக்கி, ஒரு மணி நேரத்தில் அடைத்துவிடும். வீடு வாங்க வருகிறவர்கள் சுவரைத் தடவிப் பார்த்தே பூரித்துப்போவார்கள்.

பூரணி தன் சோதனைக் கூடத்தில் மூன்று வகைக் கான்கிரீட் உத்திரங்களுக்கு, கீறல் பளிச்சென்று தெரியட்டும் என்று வெள்ளையடித்து, ஓராண்டாகச் சுமையை ஏற்றி இறக்கிவந்தாள். சாதாரண கான்கிரீட் கண்டபடி கீறல் விட்டுத் தொய்ந்தது, ஆனாலும் நின்றது. நாரிழைக் கான்கிரீட்டில் பொடிக் கீறல்கள், அதுவும் நின்றது. ஆறுகல்லில் கீறலே இல்லை. இன்று காலை அது பட்டென்று இரண்டாக முறிந்து விழுந்தது.

சுமை இறங்கும்போது விரிசல் சுருங்க வேண்டும். நடுவில் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டதால் சுருங்க வழியில்லை. ஒவ்வொரு தடவையும் உள்ளே கம்பி இன்னும் கொஞ்சம் இழுபட்டது. இந்தக் கட்டடத்திலோ தினமும் இருநூறு கார்கள் ஏறி இறங்கின.

கண்ணுக்குத் தெரியும் விரிசல் இல்லாமல் யாரையும் வெளியேற்றக் கூடாது என்பது விதி. கட்டட முதலாளிகள் பொய்க் காரணம் சொல்லி ஏழைகளைத் துரத்துகிறார்களே என்ற ஆத்திரத்தில் அதை எழுதியவளே பூரணிதான்.

ஓர் உளியை எடுத்து உத்திரத்தின் அடியில் தானே கீறினாள். வெளியேற்ற உத்தரவிட வேண்டிய அரசு ஆய்வாளர் வருவதற்குள் அந்தக் கீறல் ஆறிவிட்டது. மறுநாள் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து உத்திரத்தில் நன்றாகத் தேய்த்து, நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டுக் கீறினாள். கீறல் நிலைத்தது. ஆய்வாளரின் விரிசல்நோக்கி சிவப்பு விளக்கு காட்டியது. சாயங்காலத்துக்குள் நூற்றுப்பத்துக் குடும்பங்களும் வெளியேறின.

நான்காம் நாள் கட்டடம் விழுந்தது. ஓர் உயிரும் போகவில்லை. பூரணி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

விசாரணைக் குழுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். குழுத் தலைவர் அமைதியாகக் கேட்டார். "அப்போ அந்த விரிசல் நீங்க போட்டது. அதுக்கப்புறம்தான் கட்டடம் விழுந்திருக்கு?"

அவளது உரிமத்தை ரத்து செய்தார்கள். நகரில் விரிசல் கண்ட ஒரே ஆறுகல் கட்டடம் அதுதான், மற்ற நாலாயிரமும் பாதுகாப்பானவை என்று அறிக்கை வெளியானது. மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

அடுத்த வாரம் ஜெபராஜ் போன் செய்தார். "யார் என்ன சொன்னாலும் எங்க உயிரைக் காப்பாத்தினது நீங்கதான் மேடம். இப்போ வேற ஆறுகல் வீட்டுக்கு வந்துட்டோம். ஒவ்வொரு உத்திரமா நானே டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். ஒரு கீறல் இல்ல."