சுவரில் தொங்கிய பதிவு எண்

"தம்பி ஆறு மாசமா ரூம் கதவையே திறக்காம கிடந்தான் சார். இப்பத்தான் ஒருத்தங்ககிட்ட வாய் திறந்து பேசறான். அவங்களே போலின்னு எதிர்வீட்டுக்காரி கொளுத்திப் போட்டுட்டா!"

வந்தவள் தபால் நிலைய ஊழியை. கார் விபத்துக்குப் பிறகு முடங்கிப்போன அவளுடைய தம்பி, இப்போது வாரம் ஒருமுறை மனநல சமூகப் பணியாளர் ஒருவரிடம் போகிறான். அவருடைய சான்றிதழைக் கைபேசியில் படமெடுத்து வந்திருந்தாள்.

பூதக்கண்ணாடி என்று எல்லோராலும் அழைக்கப்படும் துப்பறிவாளர் நிதானமாகக் கேட்டார். "ஆள் எப்படிம்மா?"

"தங்கமான பொண்ணு சார். முப்பது வயசு இருந்தா அதிகம். தம்பி என்ன பேசினாலும் அன்னைக்கே போன் போட்டு ஒண்ணு விடாம எங்கிட்ட ஒப்பிச்சிடும்."

"தம்பிக்கு அது தெரியுமா?"

"ஐயையோ! தெரிஞ்சா மறுபடியும் கதவைச் சாத்திடுவான்."

துப்பறிவாளரின் மைத்துனனுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. அதற்குள் இந்த வேலைக்கு உரிமம் தரும் கவுன்சிலின் பதிவேட்டைக் கணினியில் திறந்துவிட்டான். "பேர் இருக்கு, எண் இருக்கு, உரிமம் செல்லும். பதிவாகி இருபத்து நாலு வருஷம்! கேஸ் முடிஞ்சுது மாமா, காபி போடவா?"

"காகிதம் அசல்தான்டா. ஆனா காகிதமா உட்கார்ந்து பேசுது? கிளம்பு."

மூன்றாம் மாடி அறையில் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அந்த இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ். கூடவே வந்த தபால் நிலைய ஊழியை வாசலோரமாக நின்றுகொண்டாள்.

"பதிவு பண்ணினப்போ உங்களுக்கு என்ன வயசும்மா?" என்றார் துப்பறிவாளர்.

அந்தப் பெண்ணின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. ஆறிலேயே நின்றுவிட்டன.

"ஆறு வயசுல லைசென்ஸா!" என்று துள்ளினான் மைத்துனன்.

அவள் அழுதேவிட்டாள். "அது பெரியம்மாவோடது. முட்டி ஆபரேஷன் பண்ணி வீட்டுல இருக்காங்க. நான் இங்க வரவேற்புல இருக்கிறவ. வர்றவங்களைத் திருப்பி அனுப்ப மனசு வரல. அவங்க பேரையே சொல்லிட்டேன்."

"மனசு நல்லதுதான். வேலை உங்களுது இல்லையேம்மா." பிறகு ஊழியையின் பக்கம் திரும்பினார். "வயசு அப்புறம்தான் இடிச்சுது. முதல்ல இடிச்சது, அந்தப் பொண்ணு தங்கம்னு நீங்க சொன்ன காரணம். உயிருக்கு ஆபத்துன்னாலொழிய, வந்தவங்க பேசினதை இந்த வேலை தெரிஞ்சவங்க வீட்டுலகூட சொல்ல மாட்டாங்க."

"நானும் ஆசை ஆசையா கேட்டுக்கிட்டு இருந்தேனே!" ஊழியைக்கு வெட்கத்தில் முகம் சுருங்கிப்போனது.

மறுநாள் அந்தப் பெண்ணின் பெரியம்மா கைத்தடியோடு வந்து, நடந்ததை மறைக்காமல் தம்பியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அக்காவும் கேட்டாள். இரண்டு நாள் கதவு திறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவனாகவே செருப்பை மாட்டிக்கொண்டு பெரியம்மாவிடம் போனான்.

ஒரு மாதம் கழித்து அவளிடமிருந்து போன். "அந்த அம்மா வாயே திறக்க மாட்டேங்கறாங்க சார்! நச்சரிச்சுப் பார்த்துட்டேன். 'உங்க தம்பியையே கேளுங்க'ங்கறாங்க."

துப்பறிவாளர் சிரித்தார். "கேட்டீங்களா?"

"கேக்கவே இல்ல சார். நேத்து அவனே சமையலறைக்கு வந்து உட்கார்ந்து, எல்லாத்தையும் சொல்ல ஆரம்பிச்சான். அடுப்புல பால் பொங்கி வழிஞ்சுது. நான் எழுந்திருக்கவே இல்ல."