வெள்ளிக்கிழமை எண்ணெய்

'எண்ணெயா...? இவர் உடம்பில் எண்ணெய் எப்படி வந்தது? இன்றைக்கு வெள்ளிக்கிழமை அல்லவா!'

குழல்வாய்மொழி அழவில்லை.

பாறை மேல் ஓலைப்பாயில் கிடந்த உடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் ஒரு துண்டு. தோளிலிருந்து முழங்கால் வரை நல்லெண்ணெயின் மினுமினுப்பு. கழுத்துக்கு மேலே...

முகம் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை!

குற்றாலம், செண்பகாதேவி அருவிக்குக் கீழே. 1967 பிப்ரவரி. சாரல் முடிந்து எத்தனையோ மாதங்கள். அருவி என்ற பெயரில் பாறையில் ஓர் ஈரக்கோடு வழிந்துகொண்டிருந்தது. மேலேயிருந்து விழுந்தவனைத் தாங்கத் தண்ணீர் இல்லை. கல் மட்டும் இருந்தது.

"பயப்படாம பாருங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர் மந்திரமூர்த்தி. "விறகு பொறுக்க வந்தவ பாத்துட்டுச் சத்தம் போட்டிருக்கா. உங்க வீட்டுக்காரரைக் காலையில இருந்து காணும்னு தகவல் வந்துச்சு. அதான் உங்களைக் கூட்டியாரச் சொன்னேன்."

"யாரு சார் சொன்னது?"

"அருமைநாயகம் அண்ணாச்சி."

அவள் திரும்பிப் பார்த்தாள். மரத்தடியில் வெள்ளை ஜிப்பாவோடு நின்றிருந்தார் அவர். தென்காசியில் அரிசி மில் முதலாளி. சட்டசபைத் தேர்தலில் பெரிய வேட்பாளர்.

அவருடைய மில்லில் மூட்டை நிறுக்கிறவன்தான் அவள் கணவன் நாறும்பூநாதன். அவனும் ஒரு வேட்பாளர்! சுயேச்சை. சைக்கிள் சின்னம். எதிராளிக்குப் போகிற ஓட்டைக் கொஞ்சம் பிரிப்பதற்காக முதலாளியே நிறுத்திய ஆள்.

பிரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மைக்கைப் பிடித்ததும் நாறும்பூநாதனுக்கு என்ன ஆயிற்றோ... மில்லுக்குள் பதுக்கி வைத்திருக்கும் நெல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். ஜனங்கள் நின்று கேட்டார்கள்.

"நாலு எட்டுல வந்திருதேன்மா. நீங்க நிதானமாப் பாருங்க." இன்ஸ்பெக்டர் போட்டோக்காரரைத் தேடி நகர்ந்தார்.

அருமைநாயகம் நெருங்கி வந்தார்.

"தங்கச்சி... அழு. நாலு பேரு பாக்காவ."

"எதுக்கு அண்ணாச்சி?"

"எதுக்கா? உன் புருசன் செத்துக் கெடக்கான்!"

"முகமே இல்லியே. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆளு வாகைப் பாத்தாத் தெரியாதா? சரி, காரியத்தைக் கேளு. இது நாறும்பூநாதன்தான்னு இன்ஸ்பெக்டர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. போதும்."

"சொன்னா?"

"வேட்பாளர் செத்துட்டா தொகுதியில ஓட்டுப்பதிவையே தள்ளி வைக்கணும். சட்டம்! வார செவ்வாய்க்கெழமை ஓட்டு. இன்னைக்கே தந்தி போயாகணும்."

"தள்ளி வச்சா உங்களுக்கு என்ன?"

"வெவரம் கெட்டவளா இருக்கியே! ஊரே அரிசி இல்லாம கொதிச்சுக் கெடக்கு. இப்ப ஓட்டு நடந்தா எனக்கு டெபாசிட்டே மிஞ்சாது. அமெரிக்காக்காரன் கோதுமைக் கப்பலைப் பிடிச்சு வச்சிருக்கான். அவனுக்கு அங்கன வியட்நாம் சண்டை, விவசாயி ஓட்டு, அடுத்த வருசம் பிரசிடெண்டு எலக்சன்... எல்லாத்தையும் யோசிச்சுத்தான் ஒவ்வொரு கப்பலா அவுத்து விடுதான். அடுத்த மாசம் வந்திரும். ரேஷன் கடையில கோதுமை வந்து, மக்க வயிறு நெறைஞ்ச பொறவு ஓட்டு நடந்தா... நாந்தான் எம்.எல்.ஏ.!"

'கண்ணால் கண்டிராத ஒரு தேசத்தில் எவனோ ஓட்டுக் கணக்குப் போடுகிறான். இங்கே என் மனிதர் பாறையில் விழுகிறார்.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கசந்தது.

"இவரு எப்படிச் செத்தாராம், அண்ணாச்சி?"

"இது என்ன கேள்வி? எண்ணெ தேச்சுக் குளிக்க வந்தான். வழுக்கிட்டான். குத்தாலத்துல நடக்காததா?"

"வெள்ளிக்கெழமையா?"

"என்னது?"

"வெள்ளிக்கெழமை பொம்பளையதான் எண்ணெ தேச்சுக் குளிப்போம். எங்க வீட்டு ஆம்பளைக்குச் சனிக்கெழமை. கல்யாணம் ஆன நாளா நாந்தான் தேச்சு விடுதேன். ஒரு சனிக்கெழமை தப்பினதில்ல."

அருமைநாயகத்தின் முகம் வெளிறியது!

"தேய்க்கச் சொன்ன ஆளுகிட்ட... கெழமையைச் சொல்ல மறந்துட்டிய போலுக்கே, அண்ணாச்சி."

"ஏட்டி! வாயை அடக்கு. பாறையில இன்னும் எடம் கெடக்கு, தெரிஞ்சுக்கோ!"

உடனே குரலைத் தணித்தார்.

"இங்க பாரு... போனவன் போயிட்டான். நீ வாழணும்லா? மில்லுல உனக்கு ஒரு வேலை. இருக்க வீடு. ஒரே ஒரு வார்த்தை!"

குழல்வாய்மொழி பாயின் ஓரம் குந்தினாள்.

'கொலை என்று கத்தலாம். இன்ஸ்பெக்டர் நல்லவராகத்தான் தெரிகிறார். ஆனால் கொலை என்றால் யாருடைய கொலை? என் புருஷன் என்று சொல்ல வேண்டும். அதைத்தானே இவர் கேட்கிறார்! நான் வாயைத் திறந்து அழுதால் போதும். இவர் ஜெயித்துவிடுவார்.'

அவள் பார்வை கால்களுக்குப் போனது.

இடது உள்ளங்காலில் மஞ்சள் பற்றின் சிவந்த கறை. முந்தாநாள் ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் ஆணி குத்திவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து, சூடாக்கி, அவள்தான் பற்றுப் போட்டாள்.

"இப்படிக் காலு தேய நடக்கியளே, ஜெயிச்சிருவியளாக்கும்?" என்று கேட்டிருந்தாள்.

"நான் எங்கட்டி ஜெயிக்க? அண்ணாச்சி தோக்கணும். அது போதும்" என்றான் அவன். அப்போது அவன் முகத்தில் இருந்த சிரிப்பு... அந்த முகம்...

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் எதையுமே ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. இது ஒன்றைத்தான்.

"என்னம்மா... அடையாளம் ஏதாவது தெரியுதா?"

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்திருந்தார்.

குழல்வாய்மொழி பாயின் ஓரத்தை இழுத்து அந்தக் கால்களை மூடினாள். தூங்குகிறவனுக்குப் போர்த்துவது போல. பிறகு எழுந்தாள். கை தானாகவே தாலியைப் பற்றியது.

"இல்ல சார். இது எங்க வீட்டுக்காரர் இல்ல."

"ஏட்டி!!" அருமைநாயகம் அலறினார். "பொய் சொல்லுதா சார்! இது நாறும்பூநாதன்தான்! எனக்குத் தெரியும்!"

மந்திரமூர்த்தி மெதுவாகத் திரும்பினார்.

"எப்படித் தெரியும், அண்ணாச்சி?"

அருமைநாயகம் ஜிப்பாவின் கையைச் சுருட்டிக்கொண்டே மரத்தடிப் பக்கம் பார்த்தார்.

"அப்ப உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"

"இலஞ்சிப் பக்கம் ஓட்டுக் கேக்கப் போயிருக்காரு சார். நடந்துதான் போவாரு. வர நேரமாகும்."

இன்ஸ்பெக்டர் குனிந்து உடலின் தோளில் விரலை வைத்தார். முகர்ந்தார். நெற்றி சுருங்கியது.

"நல்லெண்ணெ... இன்னைக்கு வெள்ளிக்கெழமை இல்ல?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் கழுத்தைப் பார்த்தார். அப்புறம் அருமைநாயகத்தை நீண்ட நேரம் பார்த்தார்.

"ஏட்டு! அடையாளம் தெரியாத ஆண் பொணம்னு எழுதிக்கோரும். அண்ணாச்சி, நீங்க சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வாங்க. கொஞ்சம் பேசணும்."

அவர் நகர்ந்ததும் அருமைநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பக்கம் வந்தார்.

"கல்நெஞ்சக்காரி! கட்டின புருசனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் கெடையாதா? இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. அழுதிரு, தாயி... அழுதிரு!"

குழல்வாய்மொழி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அழத்தான் போறேன், அண்ணாச்சி. ஓட்டை எண்ணி முடிக்கட்டும்... ரெண்டு பேரும் சேந்தே அழுவோம்!"