துடைத்த பஞ்சு

பஞ்சில் நிறம் ஒட்டவில்லை.

அதை அவள் முதலில் கவனிக்கவே இல்லை. பல் தேய்ப்பது மாதிரி கை தானாகச் செய்கிற வேலை அது. வட்டப் பஞ்சை எண்ணெயில் நனைத்து, மூடிய இமைமேல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, மெதுவாக வெளிப்பக்கம் இழுத்து, காலடியில் இருக்கும் குப்பைக்கூடையில் போடுவது. கல்யாணப் பெண்களுக்கும் மேடை ஏறுகிறவர்களுக்கும் வருஷக்கணக்காக முகம் போட்டு, துடைத்தும் விட்ட கை. அன்று சாயங்காலம் கூடை நிறைந்து ஒரு பஞ்சு தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தாள். பாக்கெட்டிலிருந்து அப்போதுதான் உருவியது போல வெள்ளையாக இருந்தது. கூடையைக் கிளறினாள். அன்றைக்குத் துடைத்தது எல்லாமே வெள்ளை. கண்ணாடியில் முகம் என்னவோ சுத்தமாகத்தான் இருந்தது. கண்ணைச் சுற்றி அப்பியிருந்த மை, உதட்டின் கறுஞ்சிவப்பு, கை நிறையப் பூசிய பவுடர், எல்லாம் போயிருந்தன. எங்கே போயின என்றுதான் தெரியவில்லை.

"தோல் குடிச்சிடுச்சு போல" என்று சொல்லிக்கொண்டாள். தனியாக இருப்பதில் இது ஒரு வசதி. என்ன சொன்னாலும் மறுத்துப் பேச ஆள் கிடையாது.

வேலை அவளுக்குப் பிடித்த வேலைதான். போட்டோகிராபர் போனில் சொல்லியிருந்தார்: "நூறு வருஷத்துக்கு முந்தி ஊமைப்படத்துல நடிச்சவங்க முகம் மாதிரி இருக்கணும். ஆனா இன்னிக்கு ஆபீஸ் போற பொண்ணு அதைப் போட்டுக்கிட்டு பஸ்ல ஏறணும். வெள்ளிக்கிழமை எனக்குக் காட்டிடுங்க, பவுடரக்கா." கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று நினைத்துக்கொண்டு சரி என்றாள். பவுடரக்கா என்பது பார்லரில் ஒட்டிய பேர். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட அம்மாவும் போய்ச் சேர்ந்தபின், வீட்டில் அம்மாவின் காலி அறையும் இந்தப் பேரும்தான் மிச்சம்.

மாதிரிக்கு ஒரு பழைய படம் அனுப்பியிருந்தார். யாரென்று தெரியாத ஒரு நடிகை. ஒரு பக்கமிருந்து மட்டும் விளக்கு அடித்து எடுத்த படம். இடது பாதி பளீரென்று இருந்தது, வலது பாதி கன்னங்கரேல் என்று இருட்டு. நூல் போன்ற புருவம், முனையில் கீழே இறங்கி அழப்போகிறவளைப் போல நின்றது. கண்ணைச் சுற்றித் தூக்கமில்லாத மை. உதடு, இருக்கிற அளவைவிடச் சின்னதாக, நடுவில் மட்டும். கன்னத்தில் சுண்ணாம்பு வெள்ளை. அப்படியே போட்டால் நாடக வேஷமாகிவிடும். ஒவ்வொன்றாக இந்தக் காலத்துக்கு இறக்க வேண்டும். புருவத்தின் வளைவை மட்டும் எடுத்துக்கொண்டு சொந்த முடியை விட்டுவிடலாம். கறுப்பு மைக்குப் பதில் ஈரமண் பழுப்பு. உதட்டின் நடுவில் மட்டும் விரலால் ஒற்றிய சிவப்பு. வெள்ளைக்குப் பதில் அவரவர் தோலின் நிறத்திலேயே ஒரு மினுக்கு.

மாடல் யாரும் இல்லை. தன் கையே தனக்கு உதவி என்கிற மாதிரி, தன் முகமே தனக்கு மாதிரி. இந்தத் தொழிலில் பாதி முகம் போட்டுப் பார்ப்பது வழக்கம். மறுபாதியை ஒன்றும் போடாத வெறும் முகமாக விட்டால்தான் எது மாறியது என்று கண்ணுக்குத் தெரியும். அவள் இடது பக்கம் போட்டாள். படத்தில் தெரிந்ததும் அந்தப் பக்கம்தானே.

பார்லரில் ஒரு பேச்சு உண்டு. பாதி முகத்தோடு எழுந்து போகாதே. ஒன்று முடி, இல்லை துடை. ஏன் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. அவள் அதை மீறியது இந்தப் போட்டோகிராபர் வேலை தொடங்கிய முதல் நாள். கரண்ட் போயிற்று. வரட்டும் என்று மேஜைமேல் தலையைச் சாய்த்தவள், விடியும்வரை அப்படியே தூங்கிப்போனாள், ஒரு பக்கம் நூறு வருஷத்து முகமும் மறுபக்கம் தன் முகமுமாக. விழித்தபோது இடது கன்னம் மரத்திருந்தது. படுத்ததில் அழுந்தியிருக்கும் என்று தேய்த்துவிட்டாள். படுத்திருந்தது வலது கன்னத்தின்மேல் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

பஞ்சு வெள்ளையாக வந்த அன்று ராத்திரி தங்கச்சி வீடியோவில் கூப்பிட்டாள். வேறு ஊரில் இருக்கிறாள். தினமும் கூப்பிடும் ஒரே ஜீவன்.

"ஏன்க்கா ஒரு பக்கம் மட்டும் சிரிக்கற?"

"வெளிச்சம் அப்படி இருக்குடி."

"வெளிச்சமாம். டாக்டர்கிட்ட காட்டு. வாதம் கீதம் வந்துடப் போகுது." பிறகு குரல் இறங்கியது. "அந்த வீட்ல தனியா உக்காந்து என்ன பண்ணப் போற? வெள்ளிக்கிழமை காலைல நானே வரேன். உன்னக் கூட்டிட்டு வந்து எங்கூடவே வெச்சுக்கறேன். அப்புறம், அந்தக் குப்பைக்கூடை இன்னும் கொட்டலதானே? பின்னாடி தெரியுது பாரு, மலை மாதிரி. வந்ததும் முதல் வேலை அதைக் கொட்டறதுதான்."

அவள் சிரித்தாள். வலது பக்கத்தால். தங்கச்சி போன் திரையில் விரலை வைத்து அமுக்கினாள். அது அவர்களுக்குள் சின்ன வயசிலிருந்து இருக்கிற விளையாட்டு. அக்காவின் வலது கன்னத்தில் ஒரு மச்சம். தங்கச்சிக்கு அது காலிங்பெல். அமுக்கினால் அக்கா எந்த வேலையில் இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

"டிங் டாங்" என்றாள் அவள்.

போனை வைத்தபின் வீடு முன்னைவிட அமைதியாகிவிட்டது. வெள்ளிக்கிழமையை நினைத்தாள். இந்த அமைதியை விட்டுப் போகிறோம் என்று நினைத்ததும் எழுந்து போய் இரண்டு சேலையை எடுத்து மடித்து வைத்தாள். இத்தனை நாள் யாராவது தன்னோடு வா என்று கூப்பிடமாட்டார்களா என்றுதான் காத்திருந்திருக்கிறாள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், கன்னத்தைத் தட்டினார், ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்குங்கள் என்றார். தூக்கம் வந்தால்தானே. ராத்திரியில் பிரிட்ஜ் உறுமி அடங்கும், மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பார்கள், குளியலறைக் குழாய் சொட்டிச் சொட்டி நிற்கும். எல்லாம் நின்றபின் ஒரு வாசனை வரும். ரொம்ப நாள் மூடிவைத்த பெட்டியைத் திறந்த மாதிரி, காய்ந்த ரோஜாவும் பழைய கொழுப்பும் கலந்த வாசனை. அவள் பெட்டியில் இருக்கிற எந்தக் கிரீமிலும் அது இல்லை. தலையணையின் இடது பக்கத்தில் மட்டும் இருந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே கேலி செய்துகொண்டு, பகலில் கண்ணாடி முன் உட்கார்ந்தாள். மேஜையைச் சுற்றி வட்ட விளக்கின் வெளிச்சம். சும்மா சிரித்துப் பார்த்தாள். வலது உதடு சிரித்தது. இடது உதடு கொஞ்சம் பொறுத்து, யோசித்துவிட்டுச் சிரித்தது. அது நன்றாகவே சிரித்தது. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. இத்தனை அன்பாக அவளைப் பார்த்து யாரும் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

அந்தப் பாதியோடு பேச ஆரம்பித்தது எப்போது என்று அவளுக்கே தெரியாது. "பழுப்பு ஜாஸ்தியா?" என்று கேட்பாள். இடது புருவம் லேசாக ஏறும். "சரி, குறைக்கறேன்" என்பாள். அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னாள். யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னாள். இடது கண் இமைக்காமல் கேட்டது. துடைத்த பஞ்சுகள் வெள்ளையாகவே விழுந்துகொண்டிருந்தன.

ஒரு நாள் அந்தப் பழைய படத்தைப் போனில் பெரிதாக்கி, இருட்டுப் பாதியின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள். நிழலுக்குள் கன்னத்தின் கோடாவது தெரிய வேண்டும், காதாவது தெரிய வேண்டும். பின்னாலிருந்த திரைச்சீலையின் மடிப்புகூடத் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அந்த நடிகைக்குப் பாதி முகம்தான் இருந்தது.

பயமாக இருந்தது. பயமாக இருக்கிறது என்று சொல்ல பக்கத்தில் ஆள் இல்லாதது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை அவள் எடுத்து அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டுப் போட்டோகிராபர் கூப்பிட்டார்.

"பிரமாதங்க. பழசும் இருக்கு, புதுசும் இருக்கு. ஆனா எதுக்கு ரெண்டு பேரை ஒட்ட வெச்சீங்க?"

"ரெண்டு பேரா? அது நான்தாங்க. பாதி போட்டிருக்கேன், பாதி போடல."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. "விளையாடாதீங்க. வலது பக்கம் இருக்கறவங்க ரொம்ப சோர்வா இருக்காங்க. அவங்க வேண்டாம். இடது பக்கப் பொண்ணையே முழுசா போட்டுடுங்க."

இடது கன்னம் சூடேறியது. புகழ்ச்சி கேட்டவளுக்கு ஏறுவதுபோல.

இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பது இதுதான் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பிரஷ், டப்பா எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். பூட்டின பெட்டியை அம்மாவின் அறையில் வைத்து அந்தக் கதவையும் சாத்தினாள். முகத்தைத் துடைத்துவிட்டுப் படுத்தாள். காலையில் தங்கச்சி வந்துவிடுவாள். அவள் பார்க்கும்போது முகம் முகமாக இருக்க வேண்டும். அதற்குமேல் ஆசை எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஜன்னல் வழியாக நல்ல வெயில். பால்காரரின் சைக்கிள் மணி. கண்ணாடியைப் பார்த்தாள்.

இடது பக்கம் போடப்பட்டிருந்தது. மெல்லிய புருவம், கண்ணைச் சுற்றி மை, சின்ன உதடு, சுண்ணாம்பு வெள்ளை. இந்தக் காலத்துக்கு இறக்காத, அசல் பழைய முகம். பெட்டியின் பூட்டு பூட்டியபடியே இருந்தது.

பஞ்சை எடுத்தாள். எண்ணெயில் முக்கித் தேய்த்தாள். பஞ்சு வெள்ளை. முகத்திலும் நிறம் குறையவில்லை. இன்னொன்று எடுத்து அழுத்தித் தேய்த்தாள். வெள்ளை. கன்னம் எரிய வேண்டும், எரியவில்லை. கூடையில் பஞ்சு குவிந்தது. தங்கச்சி போனில் செய்தி அனுப்பியிருந்தாள்: இறங்கிட்டேன், வந்துட்டே இருக்கேன்.

கை பழக்கத்தில் வலது பக்கம் போயிற்று. ஒன்றுமே போடாத பக்கம். நெற்றியிலிருந்து ஓர் இழுப்பு.

பஞ்சு பழுப்பாக வந்தது.

அழுக்காக இருக்கும் என்று நினைத்தாள். ராத்திரி வேர்த்திருக்கும். விரலால் தொட்டாள். பழுப்பு கதகதப்பாக இருந்தது. அது அவள் நிறம்.

கண்ணாடியில், துடைத்த இடத்தில், ஒரு பட்டை சுண்ணாம்பு வெள்ளை.

நிறுத்த நினைத்தாள். வலது கை நின்றது.

இடது கை நிற்கவில்லை.

அது நிதானமாகப் புதுப் பஞ்சு எடுத்தது. எண்ணெயில் நனைத்தது. தேர்ந்த கை. அவளுடைய கைதான். புருவத்தை ஒரே இழுப்பில் எடுத்தது. முடி முடியாகப் பஞ்சில் படிந்தது, அடியில் நூல் போன்ற அந்தப் பழைய புருவம் தெரிந்தது. உதடு. பாதி உதடு. அதைக் கூடையில் போட்டு, அதன்மேல் வேறு பஞ்சுகளைப் போட்டது. கன்னம். மச்சம் பஞ்சோடு வந்தது. பஞ்சின் நடுவில் அப்படியே உட்கார்ந்திருந்தது. கத்த வேண்டும். வாய் இல்லை.

கடைசியாக இமைமேல் பஞ்சை வைத்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்தது. மை இளக வேண்டுமல்லவா.

மெதுவாக வெளிப்பக்கம் இழுத்தது.

காலிங்பெல் அடித்தது.

"அக்கா, நான்தான். கதவத் திற."

"வரேன்டி."

குரல் அவளுடையது. அவள் சொல்லவில்லை. நாற்காலி பின்னால் நகர்ந்தது. கால்கள் நடந்து போயின. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து. ஒற்றைக் கண்ணால். மேஜையின் அடிப்பலகை தெரிந்தது. கூடையின் வளைந்த விளிம்பு தெரிந்தது. அதற்கும் மேலே, எட்டாத உயரத்தில், வட்ட விளக்கு.

"அய்யோ, எவ்ளோ அழகா இருக்கக்கா. முகம் சரியாயிடுச்சே. ரெண்டு பக்கமும் சிரிக்கற." தங்கச்சியின் குரல் கிட்டே வந்தது. "மச்சம் எங்க?"

"மேக்கப்புல மறைச்சிருக்கேன்டி."

"கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு? போ, போய் சேலை மாத்திட்டு வா, கிளம்பலாம். அதுக்குள்ள நான் இந்தக் குப்பையக் கட்டிடறேன். சொன்னேன்ல, முதல் வேலை இதுதான்னு."

தங்கச்சியின் முகம் மேலே வந்து நின்றது. பயணக் களைப்பும் சந்தோஷமுமாக, தெரிந்த முகம். அவள் அதைப் பார்த்தாள். கண்ணால் கெஞ்சினாள். தங்கச்சி பஞ்சைப் பார்க்கவில்லை. கூடைக்குள் இருந்த பையை உயர்த்தினாள்.

"கதகதன்னு இருக்கே" என்று முணுமுணுத்தாள்.

பஞ்சு வாய்வரை வழிந்ததால் பையைக் கட்ட முடியவில்லை. மேலே கிடந்ததைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளினாள். விரல் சரியாக மச்சத்தின்மேல் விழுந்தது. அமுக்கியது.

அமுக்கினால் சொல்ல வேண்டும். எந்த வேலையில் இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

அவள் சொல்லப் பார்த்தாள். உதடு அடியில் எங்கோ கிடந்தது.

பையின் வாய் சுருங்கியது. தங்கச்சி முடிச்சுப் போட்டாள். பிரிந்துவிடக் கூடாதென்று, இன்னொரு முடிச்சும் போட்டாள்.